ஏழு சினார் மரங்களுக்கு அறுபத்தொரு நோய்

பூமியைக் காப்பாற்ற மனிதகுலம் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டது. மாநாடு கூட்டினார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், துணிப்பை தைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. முழு வெற்றி கண்டது ஒன்றே ஒன்றுதான்: ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தப்படும் 'சூழலியல் அறிமுகம்' என்னும் பாடம். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். மற்ற கல்லூரிகளுக்கு வயிறெரியும்.

பாடத்தை நடத்தியவள் முவத்தர். வயது முப்பத்திரண்டு. அந்தக் கல்லூரி ஆசிரியர்களில் சூழலியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். ஆகவே அவளுக்கு மட்டும் வேலை நிரந்தரமில்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். கணவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். இப்போதெல்லாம் போனில் அங்கே பனி பெய்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்கிறான். இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் குடியிருந்த அறையும் கல்லூரி விடுதியில்தான் இருந்தது. வேலை போனால் அறையும் போகும்.

மே மாதக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்று வாரத்தில் மேலிடத்து ஆய்வுக் கமிஷன் வருகிறது. இந்த ஆண்டு முந்நூறு மரக்கன்று நட்ட கல்லூரிக்குப் 'பசுமைக் கல்லூரி' பட்டயம் கிடைக்கும். உதவி இயக்குநர் ஹோஷிம் தோம்லா உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். தோம்லா என்றால் வாத்தியார். அவர் வகுப்புக்குப் போய்ப் பதினோரு வருஷமாகிறது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிக்கல் நிலத்தில் இருந்தது. சென்ற ஆண்டு 'தூய்மைக் கல்லூரி' பட்டயத்துக்காக வளாகம் முழுவதும் டைல்ஸ் பதித்தாகிவிட்டது. மண் மிச்சமிருந்தது வாய்க்காலோரம் மட்டுமே. அங்கே ஏழு சினார் மரங்கள் நின்றன. நாலு பேர் கைகோத்தால்தான் ஒன்றைச் சுற்றிப் பிடிக்க முடியும். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் கல்லூரி உயிரோடிருப்பதே அவற்றின் நிழலில்தான்.

"மரம் நட இடமில்லை. ஏன் இல்லை? மரம் நிக்குது," என்று தோம்லா நிலைமையை விளக்கினார்.

"அந்த மரத்தையே காட்டிடலாமே, தோம்லா?" என்றாள் முவத்தர்.

"அதெப்படிம்மா? அதை நாமளா நட்டோம்? எவனோ நட்ட மரத்தைக் காட்டிப் பட்டயம் வாங்கறது நேர்மையா?"

அவருடைய நேர்மைக்குச் சபை கைதட்டியது. பிறகு தொழிற்சங்கச் செயலாளர் அம்மையார் எழுந்தார். "நம்ம நூலகரையே அறுபது வயசுல வீட்டுக்கு அனுப்பிட்டோம். இதுங்களுக்குத் தொண்ணூறு ஆச்சாம். சலுகை குடுக்கவும் ஒரு அளவு வேண்டாமா?"

"இந்த வெயில்ல கன்னு நட்டா ஒரே வாரத்துல காஞ்சிடுமே!" என்றாள் முவத்தர்.

"கமிஷன் என்ன ஒரு வாரமா தங்கப் போகுது? சாப்பிட்டதும் கிளம்பிடுவாங்க, தங்கச்சி," என்றார் தோம்லா.

சட்டம்தான் குறுக்கே நின்றது. சினார் மரத்தை வெட்டக் கூடாது. நோயுற்றது என்று அறிவியல் சான்று இருந்தால் வெட்டலாம். எல்லாருடைய கண்ணும் முவத்தர் பக்கம் திரும்பியது. அவள் வாங்கிய பட்டத்தை அந்தக் கல்லூரி அன்றைக்குத்தான் முதன்முதலாக மதித்தது.

மறுநாள் தோம்லாவின் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவளுடைய ஒப்பந்தம். மற்றது மரங்களின் நோய்ச் சான்றிதழ். நோயின் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"எந்த வியாதின்னு நீங்களே போட்டுக்குங்க, முவத்தர். உங்க அறிவியல் சுதந்திரத்துல நான் தலையிடவே மாட்டேன்."

முவத்தர் போய்ப் பார்த்தாள். பட்டையைத் தட்டினாள், இலையைப் புரட்டினாள், வேரடி மண்ணைக் கிளறினாள். ஒரு புழுகூடத் தென்படவில்லை. 'நோய் இல்லை' என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்லாத் தேடினீங்களா?"

"தேடினேன், தோம்லா."

"ஒண்ணுகூடவா இல்லை? ஐம்பத்தாறு வயசுல எனக்கே மூணு இருக்கு. தொண்ணூறு வயசுல ஒண்ணுமே இல்லைன்னா அதுவே ஒரு கோளாறு இல்லையா?"

நான்கு நாள் முவத்தர் அசையவில்லை. தன்னைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஐந்தாம் நாள் தோம்லா கல்வியாளராக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீங்க கையெழுத்தே போட வேண்டாம். உங்க பசங்க கண்டுபிடிக்கட்டும். இந்த வருஷச் செய்முறைத் தேர்வு இதுதான்: சினார் மரத்தைப் பார், நோயைச் சொல். சொன்னா அஞ்சுக்கு அஞ்சு. சொல்லலேன்னா ரெண்டு, அதாவது பெயில். நீங்க திருத்தினாப் போதும்."

"நான் திருத்தலேன்னா?"

"வேற ஆள் திருத்துவார். அடுத்த வருஷமும் அவரே திருத்துவார்."

திருத்துவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு என்று முவத்தர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்கு இப்படி நுட்பமாகப் பிரித்துப் பார்க்கும் திறமை உண்டு.

அறுபத்திரண்டு மாணவர்கள் சினார் நிழலில் சுகமாக உட்கார்ந்து சினாரின் வியாதிகளை எழுதினார்கள். "அக்கா, சர்க்கரை வியாதி ஒத்துக்குவீங்களா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் தன் மாமாவின் சிறுநீரகக் கல்லை, மாத்திரை வேளையோடு சேர்த்து மூன்றாவது மரத்துக்குக் கொடுத்தான். 'தனிமையால் மன உளைச்சல்' என்று எழுதியவளுக்கு ஆறு மரங்கள் பக்கத்திலேயே நின்றது தெரியவில்லை.

ஓய்சுலுவ் என்ற பெண் மட்டும் ஏழு மரத்தையும் சுற்றி வந்தாள். பருத்தி விவசாயி மகள். தாளில் ஒரே வரி எழுதினாள்: 'ஏழும் நன்றாக இருக்கின்றன.'

"வேற எதுவும் எழுதலையா?" என்றாள் முவத்தர்.

"இல்லாததை எப்படிக்கா எழுதறது? பார்த்ததை மட்டும்தான் எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அறுபத்தொரு தாளுக்கு ஐந்து போட்ட சிவப்புப் பேனா, அந்தத் தாளுக்கு இரண்டு போட்டது. முவத்தருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே திருத்தி முடித்தாள். அறுபத்தொரு தாள்களையும் தைத்து அட்டை போட்டு 'அறிவியல் முடிவு' என்று தோம்லா முத்திரை குத்தினார்.

பிறகு ஹஷார் அறிவிக்கப்பட்டது. ஹஷார் என்றால் ஊர் கூடித் தானாக முன்வந்து செய்யும் பொதுவேலை. தானாக முன்வராதவர் பெயர் குறித்துக்கொள்ளப்படும் என்பதால் எல்லாரும் முன்வந்தார்கள். இரண்டே நாளில் ஏழு மரமும் விழுந்தன. அடிக்கட்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. கன்றுகளில் எண்பது குறைந்தது. வெட்டிய சினார் கிளைகளையே ஒடித்து வரிசையாகக் குத்தி வைத்தார்கள். மறுபயன்பாடு பாடப்புத்தகத்தின் ஏழாவது அத்தியாயம். மாணவர்கள் அதைச் செய்தே கற்றார்கள்.

கமிஷன் வந்த அன்று விருந்துக்கு ஓஷ் சமைக்கப்பட்டது. ஆட்டுக்கறியும் கேரட்டும் போட்ட சோறு, பெரிய இரும்புக் கொப்பரையில். அடுப்புக்கு சினார் விறகு. சமையல்காரர் தோலிப் ஊதி ஊதிக் களைத்துப் போய்க் கத்தினார்:

"செத்த மரம்னு சொல்லிக் குடுத்தாங்க! அறுத்த இடத்துல தண்ணி சொட்டுது! இதுவா நோயாளி? என்னைவிட நல்லா இருந்திருக்கு!"

"மெதுவாப் பேசுங்கண்ணே, பெரியவங்க வந்திருக்காங்க," என்று தோம்லா அவர் வாயை அடைத்தார்.

பச்சை விறகின் புகை முற்றமெங்கும் பரவியது. கன்றும் குச்சியுமாக நின்ற முந்நூறையும் பார்த்துக் கமிஷன் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த உணர்ச்சிமிக்க தருணம் படம் பிடிக்கப்பட்டது. பட்டயம் கிடைத்தது. முவத்தருக்கு ஒப்பந்தம் ஓராண்டு நீண்டது, 'சிறந்த சூழலியலாளர்' என்ற சான்றிதழும் சேர்ந்து வந்தது.

ஒரே ஒரு கறைதான் மிச்சம்.

"அந்த ஒரு பொண்ணாலே நம்ம தேர்ச்சி விகிதம் கெட்டுப்போச்சு. மறுதேர்வு வைங்க. கேள்வியை மாத்தாதீங்க, விதிமுறைக்கு ஆகாது," என்றார் தோம்லா.

ஓய்சுலுவ் வந்தாள். சினார் மரத்தைப் பார், நோயைச் சொல். முற்றத்தில் வெயில் மட்டும் இருந்தது. அவள் ஓர் அடிக்கட்டைமேல் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, எந்த வியாதின்னு எழுதினா பாஸ் போடுவீங்க?"

குரலில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் முவத்தர் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"வேரழுகல்னு எழுது."

ஓய்சுலுவ் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். முவத்தர் ஐந்து போட்டுக் கீழே கையெழுத்திட்டாள்.

சூழலியல் அறிமுகத்தில் இப்போது அந்தக் கல்லூரி நூற்றுக்கு நூறு. ஒருத்திக்கு மட்டும்தான் பாடம் ஏறாமல் இருந்தது. அவளுக்கும் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.