சத்தமில்லாத வீடு பார்த்த விவரம்

786

காரைக்கால்,
12.2.1984

என் உயிருக்குயிரான மகன் நிஜாமுத்தீனுக்கு, வாப்பா அப்துல் லத்தீப் ஸலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. இங்கே அல்லாஹ்வின் கிருபையால் உன் உம்மாவின் பிரஷர், என் இடது முழங்கால் ஆகிய இரண்டு பேரைத் தவிர மற்ற அனைவரும் சுகம். துபாயில் நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் தங்கை மெஹர் பானு வழக்கம்போல் உரக்கப் படித்தாள், உம்மா வழக்கம்போல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நாங்கள் அனுப்பிய கேசட்டில் உம்மாவின் குரலே கேட்கவில்லை, லாரியும் பஸ்ஸும்தான் பேசுகின்றன என்று வருத்தப்பட்டிருந்தாய். அந்தக் கேசட் பதிவான அன்று நான் பட்ட பாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, டேப் ரிக்கார்டருக்கு ஸலாம் சொல்லி, நல்லாயிருக்கியா வாப்பா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அது பதில் சொல்லாது, நீ பேசிக்கொண்டே போ என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் மாயவரம் பஸ் வந்துவிட்டது. அது போகட்டும் என்று நிறுத்தினால் பின்னாலேயே நெல் லாரி, அதன் பின்னால் கல்யாண வேன், வேனுக்குப் பின்னால் வழி கிடைக்காத கோபத்தில் ஒரு டிராக்டர். கடைசியில் உம்மா உன் சாப்பாடு, உன் கண்வலி, உன் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்பது வரைக்கும் விசாரித்து, அழுதும் முடித்த பிறகு போட்டுக் கேட்டால், அழுதது மட்டும்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு இன்னொரு தடவை பேசச் சொன்னேன். அழுததையே திரும்ப அழ முடியாது என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகவே ரோட்டை விட்டுத் தள்ளி, நாட்டுப்புறமாக, வண்டிச் சத்தம் காதில் விழாத வீடாகப் பார்க்கச் சொல்லி நீ உத்தரவு போட்டது நியாயம்தான். பிரஷருக்கு மாத்திரை பாதி, தூக்கம் பாதி என்று டாக்டரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதோடு, நம்மூர் வழக்கப்படி இந்த வீட்டை மெஹர் பானுவின் நிக்காஹ்வின்போது அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் நானே நின்று கட்டிய சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் உன் யோசனை எனக்கும் பிடித்தது. ஆனால், வீடு வாங்க வேண்டியிருப்பதால் இந்த வருஷமும் லீவில் வரவில்லை, லீவுச் சம்பளத்தையும் டிக்கெட்டையும் வீட்டிலேயே போட்டுவிடுகிறேன் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் மெஹர் பானு குரலைத் தாழ்த்திப் படித்தாள். நல்ல லாரியாக ஒன்று வரும் நேரம் பார்த்துப் படித்திருக்கலாம். அந்த நேரத்தில் பார்த்து ரோட்டில் ஒன்றும் வரவில்லை. உம்மாவுக்குக் கேட்டுவிட்டது. உன்னைப் பார்க்காமல் நாலு பெருநாள் போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சத்தம் என்றால் உன் உம்மாவுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றில்லை. லாரி வீட்டுக்குள்ளேயே வந்து திரும்பினாலும் அவளுக்கு உறைக்காது. ஆனால் வாசலுக்கு நேரே ஒரு கார் வேகம் குறைந்தால் போதும், மீன் தீய்ந்தாலும் சரி என்று கரண்டியும் கையுமாக வாசலுக்குப் போய்விடுவாள். மேலே பெட்டி கட்டின அம்பாசிடர் என்றால் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவளுக்கு இல்லை, பாரம் ஏற்றின கார் முனகும், அதைக் கேட்டாலே தெரியும் என்பது அவள் கட்சி. நான் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்தபடி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். இதை எழுதாதீர்கள் என்று பக்கத்தில் நின்று சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

போன மாதம் நடந்ததைக் கேள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேலே மூன்று பெட்டியும் ஒரு கம்பளி மூட்டையும் கட்டின கார் ஒன்று நம் வாசலில் வந்து நின்றது. உம்மா ஓடினாள். உள்ளேயிருந்து ஜீன்ஸ் போட்ட ஒரு பிள்ளை இறங்கினான். கூலிங் கிளாஸும் தாடியுமாக இருந்ததால் உம்மாவுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவசரப்படவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டாள். என்ன வாப்பா இப்படி கறுத்துப்போயிட்டே என்று அவள் கேட்க, அவன் திருதிருவென்று விழிக்க, பின்னாலேயே வந்த டிரைவர், பங்க்சர்மா, ஒரு குடம் தண்ணி வேணும் என்றான். அந்தப் பிள்ளை நாகூர்க்காரன், குவைத்திலிருந்து ஊருக்குப் போகிற வழி. அத்தோடு விட்டாளா? பயணத்தில் வீட்டுக்குள் வந்த சபராளியைப் பசியோடு அனுப்பக்கூடாது என்று பெரிய சஹன் தட்டை வைத்துச் சோறு போட்டுவிட்டாள். உனக்காக எடுத்துவைத்திருந்த மாசிக் கருவாட்டுச் சம்பல் பாட்டில் அன்றோடு காலி. அவனும் கூச்சப்பட்டுக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் நாகூரிலிருந்து அவன் தாயார் கமர் நிஷா தட்டு நிறைய வட்டலாப்பத்தோடு வந்திறங்கி, எம்மவன் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கான், வயிறு நெறஞ்சிருக்குன்னு நா ஆக்கி வச்சதத் தொடலியே, இது ஞாயமா என்று சண்டைக்கு நின்றார். சண்டை சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் நடந்தது. இப்போது இரண்டு பேரும் உயிர்த்தோழிகள், எனக்குத்தான் வாரத்துக்கு ஒரு தடவை நாகூர் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இனி வீடு பார்த்த விவரம். தரகர் மருதையனைப் பிடித்தேன். ரோட்டுச் சத்தத்தை எடைபோட நானாகவே ஒரு முறை வைத்துக்கொண்டேன். வாசல் பக்கம் உட்கார்ந்து சாதாரணக் குரலில் டீ கேட்பேன். உம்மா அடுப்படியில் நிற்பாள். அவள் காதில் விழுந்தால் அந்த வீடு தேறும், விழாவிட்டால் தேறாது. முதலில் வாஞ்சூர். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் வீடு, வரிசையாகப் பிராந்திக் கடைகள். ஓடுகிற லாரிதானே பாய் சத்தம், இங்கே எல்லா லாரியும் நின்றுவிடுமே என்றார் மருதையன். நின்றது உண்மைதான், எஞ்சினை யாரும் நிறுத்தவில்லை. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்ட சொற்களைக் கேட்டு உம்மா காதைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்ட டீயும் அதோடு போயிற்று. அதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. மெட்ராசிலிருந்து வருகிற டாக்சி தரங்கம்பாடி வழியாக வந்து ஊருக்குள்ளேயே நின்றுவிடும், இவ்வளவு தூரம் தெற்கே எதற்கு வரும் என்பதுதான் அவள் சொன்ன குறை. டாக்சியைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள் என்று நான் சத்தம் போட்டேன்.

அடுத்தது கருக்களாச்சேரி. அங்கே லாரி இல்லை, பஸ் இல்லை, சைக்கிள் மணிகூட இல்லை. கடல் இருக்கிறது. பஸ்ஸாவது போய்த் தொலையும், கடல் போவதாயில்லை. நான் டீ கேட்டேன், உம்மாவுக்கு விழவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கக் கேட்டேன். மூன்றாம் தடவை நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அஞ்சுகம் என்ற அம்மாள் பதறிப்போய், யாருக்கோ மயக்கம் என்று நினைத்து டம்ளர் நிறைய டீ கொண்டுவந்து கொடுத்தார். நல்ல டீ. வீடு தேறவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் நீ கேட்ட வீடு. அம்பகரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து, ஒரு வரப்பும் தாண்டிப் போக வேண்டும். கோவிந்தராசு என்கிற விவசாயியின் வீடு, ஓட்டுக்கூரை, நல்ல கிணறு. அறுவடை முடிந்து சுற்றிலும் உளுந்து முளைத்திருக்கிறது. காளி கோயில் திருவிழாவுக்கு மட்டும் மேளம் கேக்கும் பாய், மத்தபடி இங்க தும்முனா நமக்கே தூக்கிவாரிப்போடும் என்றார் கோவிந்தராசு. அவரிடம் சாவி வாங்கிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க இருந்து பார்ப்பதென்று கேரியரில் சோறு கட்டிக்கொண்டு நானும் உம்மாவும் போனோம். வாசலில் உட்கார்ந்து மெதுவாக டீ என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். நீங்க மொத கேட்டதே கேட்டுச்சு, இப்பத்தான் உக்காந்தேன் என்று உள்ளேயிருந்து தெளிவாக வந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்ட டீயையெல்லாம் ரோட்டுச் சத்தம்தான் விழுங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போய்விட்டது.

சாப்பிட்டபின் உம்மா பாயை விரித்துப் படுத்தாள். படுத்தவுடன் தூங்கிவிட்டாள். பகலில் அவள் அப்படித் தூங்கி நீ வெளிநாடு போன பிறகு நான் பார்த்ததில்லை. அஸர் வரைக்கும் ஒரு தடவைகூடப் புரளவில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் மேசையைத் தட்டி, அந்த வீட்டை விடாதீர்கள் என்றார். உம்மாவும் சம்மதித்துவிட்டாள். கோவிந்தராசுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நோன்பு வருவதற்குள் குடிபோய்விடலாம். உன் ஆசை நிறைவேறியது, இனி நீ அனுப்புகிற கேசட்டை அமைதியாகக் கேட்கலாம், நாங்கள் அனுப்புகிற கேசட்டில் உம்மாவைத் தவிர வேறு யாரும் பேச மாட்டார்கள். லீவைப் பற்றிக் கவலைப்படாதே. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

உம்மா உனக்கு ஸலாம் சொல்லி, கண்ணுக்கு மருந்து போடச் சொல்கிறாள். மெஹர் பானுவும் மாப்பிள்ளையும் ஸலாம் சொன்னார்கள். வல்ல நாயன் உனக்கு நீண்ட ஆயுளையும், குறையாத பரக்கத்தையும், வேளா வேளைக்குச் சோற்றையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் வாப்பா,
அப்துல் லத்தீப்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் மெஹர் பானு உம்மாவுக்குப் படித்துக் காட்டியாகிவிட்டது. இது உனக்கு மட்டும். அம்பகரத்தூர் தபாலாபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் கடிதத்தைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். கால் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. கோவிந்தராசுவிடம் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். என்ன பாய் இது, ரோட்டுச் சத்தம் ஆவாதுன்னுதான தேடி வந்தீங்க, இப்ப சத்தமே இல்லன்னு வேணாங்கிறீங்களே என்று கேட்டார். காரணத்தை உனக்குச் சொல்கிறேன். அன்று உம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது நானும் கொஞ்சம் கண்ணயரலாம் என்றுதான் சாய்ந்தேன். முடியவில்லை. எதற்கோ காதைக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று எனக்குப் புரிய நெடுநேரமாயிற்று. கார் நின்றால் ஓடுகிறவள் உன் உம்மா, உட்கார்ந்து சிரிக்கிறவன் நான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவள் எழுந்து போகிறாள் என்ற தைரியத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி நடந்து வருவதைக் கேட்டே வந்தது நீயில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம்தான் பேப்பரில் அடுத்த வரிக்குப் போவேன். அந்த வீட்டில் அவள் தூங்கினாள். எழுந்து போய்ப் பார்க்க ஆளில்லை, பார்ப்பதற்கு ரோடும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

விழித்ததும் அவள் பழக்கத்தில் வாசலுக்கு வந்து நின்றாள். வரப்பில் ஒரு கொக்கு நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புள்ள ஆசப்பட்டுருச்சு, இருந்துக்குவோம்ங்க" என்றாள். இதை மேலே நான் எழுதவில்லை.

கோவிந்தராசு தன் மகளுக்கே வீடு வேண்டுமென்று கேட்டுவிட்டதாக உம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். நீ வீட்டுக்கென்று எடுத்துவைத்ததில் டிக்கெட் எடு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வருகிற தேதியை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, எழுதினால் அன்றிலிருந்து உம்மா வாசலை விட்டு அடுப்படிக்குப் போக மாட்டாள். மளிகைக்கடை காதர் பாட்சா விலாசத்துக்கு, என் பேர் போட்டு எழுது. அன்றைக்கு வாசலில் கார் நிற்கும்போது நான் எழுந்து போகிறேன்.