அரிசித்தாளுக்கு எதிராக ஒரு பொதுக்கூட்டம்

சூசைப்பிள்ளை யாக்கோப்பு ஆகிய எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். ஒன்று: எண்பத்தொன்றில் நான் தொடங்கிய சங்கம் என்னையே விலக்கியது. இரண்டு: லண்டனுக்கு வந்து நான் நடத்திய முதல் ஊர்வலத்தில் மழை பெய்ய, என்னைத் தவிர எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். மூன்று: என் துண்டுப்பிரசுரத்தில் கிங்ஸ்பரி மீன்கடைக்காரர் சூடைமீன் சுற்றிக் கொடுத்தார். நான்கு: என் மனைவி மெற்றில்டா எங்கள் பங்குக் கோயிலில் லான் என்ற வியட்நாம் பெண்ணோடு சிநேகமானாள்.

முதல் மூன்றையும் தாங்கினேன். நான்காவது என் புட்டைப் பறித்தது. தோற்றுப்போன போராளிக்கு அறுபத்தாறு வயதில் மிஞ்சியிருப்பது ஏழு மணிப் புட்டும் மீன்குழம்பும் மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேசையில் ஒரு சட்டி இளஞ்சூட்டுத் தண்ணீர். பக்கத்தில் கண்ணாடி போன்ற வட்ட அரிசித்தாள்கள், சலாது இலை, புதினா, அவித்த இறால், அரிசி நூடில்ஸ்.

“புட்டு எங்கையப்பா?”

“புட்டில்லை. தாளைத் தண்ணியிலை தோய்ச்சு, எல்லாத்தையும் உள்ளுக்கை வைச்சுச் சுத்துங்கோ.”

“ஆர் சுத்துறது?”

“ஆர் சாப்பிடுகினமோ அவை.”

“நாப்பது வருசமாப் புட்டவிச்சுத் தந்தனீரெல்லே?”

“ஓம். எண்பத்திரண்டிலை நீங்கள் எழுதின நோட்டீசை நேற்றுத் திருப்பி வாசிச்சன். ‘சமைப்பவள் ஒருத்தி, உண்பவன் ஒருவன் என்னும் நிலை ஒழிக.’ ஒழிச்சிட்டன்.”

“அது பொதுமக்களுக்கு எழுதினது.”

“அப்ப நான் ஆர், பொலிசோ?”

முதல் தாளை அதிகம் ஊறவிட்டேன். அது என் கைக்கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது கிழிந்து இறால் மடியில் விழுந்தது. ஆயிரம் பேரை வரிசையில் நடத்திய கை. ஆறு இறால் கட்டுப்படவில்லை. மெற்றில்டாவின் சுருள்களோ ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தைகள் போல இறுக்கமாய்ச் சுற்றிக் கிடந்தன.

வியாழக்கிழமை அரிசிமாவில் மஞ்சள் போட்டு வார்த்த தோசை மாதிரி ஒன்று வந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதையும் பிய்த்து இலையில் சுற்ற வேண்டுமாம்.

மெற்றில்டாவைத் தவிர லானிடம் சமையல் பழகிய பெண்கள் இன்னும் பத்துப் பேர். ஆகவே பசித்த கணவன்மாரும் பத்துப் பேர். ‘புட்டு மீட்புக் குழு’ பிறந்தது. கொட்வின் தொடக்கம் எல்லோரும் வெறுந்தாளில் கையொப்பமிட்டார்கள்.

கூட்டத்துக்குப் பங்கு மண்டபம் எடுக்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில். என் அறிக்கைகளை எப்போதும் ஆங்கிலத்தில் எழுதித் தருபவள் மெற்றில்டா. பழக்கதோஷத்தில் அவளிடமே கொடுத்தேன், கையொப்பத் தாளையும் சேர்த்து.

“எத்தினை பேர்?”

“என்னோடை பதினொரு பேர்.”

“எத்தினை கிழமைக்கு?”

“வெல்லும் வரைக்கும்.”

“ஆறு எண்டு போடுறன். நோக்கம்?”

“அரிசித்தாள் பிரச்சினைக்கு முடிவு காண எண்டு எழுதும்.”

“வடிவா எழுதுறன். இதிலை சைன் வையுங்கோ.”

வைத்தேன். வாசிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிய, உரையோடு மண்டபத்துக்குப் போனேன். பத்துப் பேரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு சட்டி இளஞ்சூட்டுத் தண்ணீர். லான் ஏப்ரன் கட்டி நின்றாள். மனைவிமார் பின்வரிசையில் வசதியாக இருந்தார்கள்.

“என்னண்ணை இது?” என்றான் கொட்வின். “கூட்டமெண்டெல்லோ சொன்னியள்.”

மண்டபச் செயலாளர் கிளறிற்றா படிவத்தைக் கையில் எடுத்தாள். “எல்லாரும் இருங்கோ. ஆம்பிளையளுக்கான அரிசித்தாள் சுத்துற வகுப்பு, ஆறு கிழமை. பதினொரு பேரும் தாங்களாக் கையெழுத்து வைச்சுச் சேர்ந்தவை. வகுப்பு வேணுமெண்டு விண்ணப்பிச்சவர் முன்னுக்கு வந்து முதல் தாளைத் தோய்க்கட்டாம்.”

பத்துப் பேரும் அது யாரென்று தேடினார்கள். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரத்து வாசித்தாள்:

“சூசைப்பிள்ளை யாக்கோப்பு.”