முப்பத்து மூன்று வருஷம் வெட்டுப்படாத சட்டை

இந்த வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டில் தங்குவதில்லை என்று ஆர்வில் உறுதி பூண்டார். புதிய உறுதி அல்ல. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் தூசி தட்டி எடுக்கிற அதே உறுதிதான்.

பண்டிகைக் காலத்தைப் பற்றி ஆர்விலுக்கு ஆழமான சிந்தனைகள் உண்டு. வேட்டைக் காலத்தின் நடுவே பண்டிகைகளைக் கொண்டுவந்து செருகியவன் ஜென்மத்தில் ஒரு மானைக்கூடச் சுட்டிருக்க மாட்டான் என்பது அவற்றில் முதலாவது. விஸ்கான்சினில் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை. சரியாக அதன் மத்தியில் நன்றித் திருநாள். போகட்டும், வான்கோழியைத் தின்றுவிட்டுச் சாயங்காலமே காட்டில் மரத்தின்மேல் கட்டிய பரணுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் டிசம்பர் இருபத்து நாலு? பெண்மான் வேட்டை திறக்கிற அதே நாளில்தான் மனைவி மார்லீன் தேவாலயக் கூடத்தில் குழந்தைகளுக்கு விழா நடத்துவாள். இயேசுநாதர் ஜூன் மாதம் பிறந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இதை ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் விட்டார். போதகர் மூன்று வாரம் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

இந்த வருஷம் காட்டுக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டு ஃப்ரீசரில் மான்கறி இல்லை. ஏன் இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஆர்வில். இன்னொன்று அந்த மான்.

துப்பாக்கி வேட்டையின் கடைசி ஞாயிறு. எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண்மான் பரணிலிருந்து நாற்பது கஜத்தில் வந்து, போட்டோ எடுக்கச் சொன்னதுபோல் பக்கவாட்டில் நின்றது. ஆர்வில் குறி பார்த்தார். மூச்சை அடக்கினார். சுட்டார். பின்னாலிருந்த மரம் காயப்பட்டது. மான் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. குறி தவறியவனைப் பிடித்து நிறுத்தி, அவன் சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தியால் அறுத்து, பெயரும் தேதியும் எழுதி, வேட்டைக் குடிலின் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். ஆர்விலின் குடிலில் அப்படிப் பதினோரு துண்டுகள் இருந்தன. அதில் நாலு, மார்லீனின் தம்பி டுவேனுடையவை. நாலையும் அறுத்தது ஆர்விலின் கத்திதான். அறுக்கும்போது பாட்டு வேறு பாடுவார். அவர் பெயரில் மட்டும் ஒரு துண்டும் கிடையாது. வீடு, நிலம், டிராக்டர் எல்லாம் அப்புறம். அந்தச் சுவரில் தன் பெயர் இல்லாததுதான் அவருடைய சொத்து.

வெடிச் சத்தம் கேட்டு டுவேன் பனியில் விழுந்தடித்து ஓடி வந்தான்.

“அத்தான்! விழுந்துச்சா?”

“நரி மச்சான். சும்மா வெரட்டினேன்.”

“நரிக்கா இவ்ளோ பெரிய தோட்டா?”

“பெரிய நரி.”

டுவேன் தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் ஆர்வில் மனசாட்சி உள்ள மனிதர். பொய் சொல்லலாம், முறையை மீறலாமா? குடிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் சட்டைத் தொங்கலைத் தானே அறுத்தார். பாட்டு வரவில்லை. துண்டை அடுப்பில் போட்டார். சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய துணி மூட்டைக்கு அடியில் திணித்தார்.

டிசம்பர் இருபத்திரண்டு, மத்தியானம். ஆர்வில் சமையலறை மேஜையில் துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மாவுக் கையோடு மார்லீன் வந்து நின்றாள்.

“ஏங்க, நாளன்னிக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட ஆளில்ல. எப்பவும் போடுற ஹெரால்டுக்கு முட்டி ஆபரேஷன்.”

“பாவம்.”

“உங்களுக்குத் தலகாணிகூட கட்ட வேண்டாம். வயிறு ரெடியா இருக்கு.”

“மார்லீன், ஃப்ரீசரத் தெறந்து பாரு. ஒரு துண்டு மான்கறி இருக்கா? குடும்பத்துக்குக் கறி கொண்டாரது ஆம்பளையோட கடமை.”

“கடையில கோழி இருக்கே.”

“கோழிய யார் வேணும்னாலும் வாங்கலாம்.”

“மானத்தான் யார் வேணும்னாலும் சுட முடியாதுபோல.”

ஆர்விலுக்குச் சுருக்கென்றது. ஆனால் மார்லீன் அதோடு விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு பாட்டைக்கூட ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் அவள் திரும்பி வந்தாள், கையில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையோடு.

“இது என்னங்க?”

“சட்டை.”

“முன்னால பாத்தா சட்டை. பின்னால?”

ஆர்விலின் கையிலிருந்த எண்ணெய்த் துணி தரையில் விழுந்தது.

“பின்னால ஒரு சாண் காணோம். கத்தியால நேரா அறுத்திருக்கு. நானும் வேட்டைக்காரன் பெத்த பொண்ணுதான். இது எதுக்கு அறுத்ததுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மூட்டைக்கு அடியில ஒளிச்சு வேற வெச்சிருக்கீங்க!”

“கத்தாத, மார்லீன்! டுவேன் காதுல விழுந்தா நான் செத்தேன்.”

“டுவேனா?”

“அவன்கிட்ட நரின்னு சொல்லி வெச்சிருக்கேன். நாப்பதே கஜம்! உங்கம்மா கண்ணாடி போடாமலே அடிச்சிருப்பாங்க. நான் விட்டுட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்கே, அதான் நானே அறுத்து அடுப்புல போட்டேன். சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

மார்லீன் சட்டையை மெதுவாக, ரொம்ப மெதுவாக மடித்தாள்.

“நான் ஏங்க சொல்லப்போறேன்? நாளன்னிக்கு ஒரு மணிக்கு விழா. பன்னெண்டரைக்கே வந்துடுங்க, தாடி ஒட்ட நேரமாகும்.”

“மார்லீன்…”

“டுவேனும் அங்க வரான். நீங்க வேஷம் போட்டாத்தான் அவன்கிட்ட பேச எனக்கு வேற விஷயம் கெடைக்கும், பாருங்க.”

ஆர்வில் துப்பாக்கியை மறுபடி பூட்டிப் பெட்டியில் வைத்தார்.

இருபத்து நாலாம் தேதி வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. உள்ளே கணப்பு தகதகவென்று எரிந்தது. சிவப்பு உடுப்பில், தாடிக்குள் வேர்த்துக்கொண்டு, ஆர்வில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குட்டிப் பெண் ஏறிக்கொண்டாள்.

“தாத்தா, உங்க வண்டிய இழுக்கிற மான யாராவது சுட்டுட்டா?”

“சுடுவாங்க கண்ணு. படாது.”

“எப்படித் தெரியும்?”

“எவ்ளோ பக்கத்துல நின்னாலும் சில நேரம் படாது. தாத்தாவுக்கு அனுபவம்…”

வாசலில் அப்போதுதான் டுவேன் நுழைந்தான். விடியற்காலையிலிருந்து பரணில் உட்கார்ந்திருந்தவனுக்கு மீசையில் பனி உறைந்து தொங்கியது. காதைத் தீட்டிக்கொண்டான்.

“என்ன அனுபவம் அத்தான்?”

காபிப் பாத்திரத்தின் அருகிலிருந்து மார்லீன் ஒரு இருமல் இருமினாள்.

“உன் அனுபவத்தைத்தான் சொல்றேன் மச்சான்,” என்றார் ஆர்வில். “நாலு துண்டு இருக்கே சுவத்துல.”

கூடமே சிரித்தது. டுவேனும் அசடு வழியச் சிரித்தான். “காலைலேர்ந்து ஒரு பெட்ட மான்கூட வரல அத்தான். வெரல் பத்தும் மரத்துப்போச்சு. நீங்க வேட்டைக்கு வராம இங்க என்ன பண்றீங்க?”

“குடும்பம்னு ஒண்ணு இருக்கே மச்சான்.”

சொன்ன பிறகுதான் ஆர்விலுக்கே தெரிந்தது, அது பாதி உண்மை என்று. கால் சூடாக இருந்தது. ஒரு கையில் சர்க்கரை பிஸ்கட், இன்னொரு கையில் காபி. ஐம்பத்தெட்டு வயதில் பரணில் உறைந்து கிடக்காததில் உடம்புக்கு அப்படி ஒரு சந்தோஷம். சுவரிலும் பெயர் ஏறவில்லை. முப்பத்து மூன்று வருஷமாக இந்தக் கணப்பை விட்டுவிட்டு அங்கே என்னத்தைக் கிழித்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பை விரட்டினார். டுவேன் பக்கத்தில் நிற்கிறானே.

சாயங்காலம் வண்டியில் வீடு திரும்பும்போது, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கினதுபோல் ஆர்வில் பெருமூச்சு விட்டார். மனைவிமேல் அன்பு பொங்கியது.

“நல்லவ மார்லீன் நீ. வாயத் தெறக்கவே இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். ஒரு சட்டையப் பாத்து எப்படி அவ்ளோத்தையும் கண்டுபிடிச்ச?”

“நான் எங்கீங்க கண்டுபிடிச்சேன்?” என்றாள் மார்லீன். “எங்கப்பா மாதிரியே நீங்களும் துப்பாக்கி தொடைக்க நல்ல சட்டையா பாத்து வெட்டிட்டீங்கன்னு சண்ட போட வந்தேன். மத்ததெல்லாம் நீங்களா சொன்னதுதான்.”