ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரவும்

நாங்கள் குடியிருக்கும் வீட்டை யாரும் வாங்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முடிவு செய்தேன். வீடு என்னுடையது அன்று. ஆனால் முடிவு முழுக்க முழுக்க என்னுடையது.

முந்தின நாள் மாலை வீட்டுக்காரர் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எங்கள் முகத்தைத் தவிர்த்துச் சுவரைப் பார்த்தார். மகனோடு போய் இருக்கப்போவதாகவும், வீட்டை விற்கப்போவதாகவும் அந்தச் சுவரிடம் தெரிவித்துவிட்டுப் போனார்.

என் மனைவி முன்னறையில் தையல் தொழில் நடத்துகிறாள். தெருவில் பாதிப் பேருடைய உடல் அளவுகள் அவளுக்கு மனப்பாடம். வீடு மாறினால் அத்தனையும் வீண். நான் அடுத்த தெருவிலுள்ள அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மாடியறையில் சற்றே கண்ணயர்ந்து, பார்வையாளர்கள் தேடத் தொடங்குமுன் திரும்பிவிடுவேன். அந்தச் சுகத்தைத் துறக்க நான் முனிவன் அல்லன்.

"வித்துட்டா உடனே நம்மள வெளியேத்திடுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஒப்பந்தத்தைப் படிச்சதே இல்லையா நீங்க?"

"கையெழுத்துப் போட்டேனே!"

"அழகாத்தான் போட்டீங்க. வீடு கை மாறினாலும் ஒப்பந்தம் மாறாதுன்னு அதுல இருக்கு. அடுத்த வருஷம் ஒப்பந்தத் தவணை முடியறவரைக்கும் யாரும் நம்மள அசைக்க முடியாது. வீட்டைக் காட்ட ஆள் கூட்டிட்டு வர்றதா இருந்தாலும் ஒரு நாள் முன்னாடியே சொல்லணும்."

"தவணை முடிஞ்சப்புறம்?"

"அது வாங்கறவங்க மனசைப் பொறுத்தது. யார் வாங்கறாங்கங்கறதுதான் முக்கியம்."

"யாருமே வாங்கலைன்னா?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து, சட்டைக்கு அளவெடுப்பவள்போல என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். அவள் அவ்வளவு எளிதில் இணங்கியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாளே தரகர் ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"முன்னாடியே சொன்னீங்களா?"

"அஞ்சே நிமிஷம் சார்..."

"அஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு நாள் முன்னாடி சொல்லணும்."

வந்தவர்கள் திரும்பினார்கள். உரிமை என்பது இத்தனை ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்று முதல் அந்த வாக்கியத்தை எல்லோரிடமும் சொன்னேன். மனைவியின் தாயாரையும் நான் விட்டுவைக்கவில்லை. ஊரிலிருந்த வீட்டை விற்றுவிட்டு இளைய மகளோடு தங்கியிருக்கும் அவர், பெட்டியோடு திடீரென்று வந்து இறங்கும் வழக்கமுடையவர்.

"அத்தை, இனிமே யாரா இருந்தாலும் ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டுத்தான் வரணும். இந்த வீட்டு நடைமுறை" என்றேன் தொலைபேசியில்.

"அப்படியா மாப்பிள்ளை? சந்தோஷம்" என்றார் அவர். குரலில் சந்தோஷம் இல்லை.

முறைப்படி சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தேன். குழாயின் திருகைத் தளர்த்தினேன். படுக்கையறைச் சுவரில் ஈரத் துணியை ஒற்றிக் கறை வளர்த்தேன். கதவுக்கடியில் மரத்துண்டைச் செருகி, அதை முனகவைத்தேன். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகக் குரலில் அழைத்துச் சென்றேன்.

"இடப்பக்கம் நீங்க பார்க்கறது ஈரக் கறை. மழைக்கு மழை வளரும். வலப்பக்கம் கதவு. தயவுசெஞ்சு தொடாதீங்க. கிட்டப் போறவங்க தலையைக் குனிஞ்சுக்கங்க, மேல விரிசல்."

வந்தவர்கள் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் போனார்கள். தரகர் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறினார். மனைவி தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வந்தவர் காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். அவர் ஓடவில்லை. கேள்வி கேட்டார். கறை எந்த மழையில் வந்தது, விரிசல் எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் வியந்து தலையசைத்தார். இருபது ஆண்டுப் பணியில் இப்படியொரு பார்வையாளர் எனக்கு வாய்த்ததில்லை. நன்றாகக் கேட்பவர்களுக்கு, சுற்று முடிந்ததும் யாருக்கும் சொல்லாத ஓர் உட்செய்தியைச் சொல்வது என் வழக்கம். அன்றைக்கும் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தினேன்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். கறை நான் வெச்சது. விரிசல் பூச்சுலதான், சுவர்ல இல்ல. கட்டடம் கல்லு மாதிரி. இன்னும் ரெண்டு தலைமுறை தாங்கும்."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விடைபெற்றார். தொழில் செய்த திருப்தியோடு உறங்கினேன்.

அடுத்த வாரம் மனைவி, பொத்தான் தைத்தபடியே, "வீடு வித்துப்போச்சுங்க" என்றாள்.

"எப்படி? நான்தான் எல்லாரையும் விரட்டிட்டேனே!"

"அதனாலதான் வேற போட்டியே இல்ல. அம்மா வாங்கிட்டாங்க."

நான் நாற்காலியைத் தேடினேன்.

"அந்தப் பென்சில்காரர்?"

"அம்மாவுக்குத் தெரிஞ்ச கொத்தனார். வீடு உறுதியான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. 'நிறையக் கேள்வி கேளுங்க, என் புருஷன் தானாவே உண்மையைச் சொல்லிடுவார்'னு நான்தான் சொல்லி அனுப்பினேன். நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அம்மா துணிஞ்சாங்க. இனிமே தவணையைப் பத்திக் கவலையே இல்ல."

"இருக்கட்டும். தவணை முடியறவரைக்கும் அவங்க இங்க குடிவர முடியாது. ஒப்பந்தம் இருக்கு!"

"வீட்டுக்காரியா வந்தாத்தானே ஒப்பந்தம்? விருந்தாளியா வந்தா?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. மனைவி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மாப்பிள்ளை, உங்க வீட்டு நடைமுறைப்படி ஒரு நாள் முன்னாடியே சொல்லிடறேன். நாளைக்கு வர்றேன். மாடியறையை மட்டும் காலி பண்ணி வெச்சிடுங்க."

"வாங்க அத்தை" என்றேன். என் குரலிலும் சந்தோஷம் இல்லை. "எத்தனை நாள் இருப்பீங்க?"

"அதை முன்னாடியே சொல்லணும்னு உங்க ஒப்பந்தத்துல இல்லையே, மாப்பிள்ளை!"