போடு பட்டனும் ஒத்தைப் போனும்

தனியாக இருக்கிறவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. பேச்சுத்துணை இல்லாத குறைக்கு உலகத்துக்கு நன்மை செய்யக் கிளம்பிவிடுவான். நான் கிளம்பினேன்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஜோடி சேர்ந்தால்தான் ஷூ பெட்டிக்குள் போகும். துணையில்லாத ஷூவுக்கு 'ஒத்தை' என்று பெயர், ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். தள்ளச் சொல்லும் புரோகிராம் நான் எழுதியது. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத எனக்கும் அங்கே அதே பெயர்தான். (நேரில் 'சார்'. திரும்பினால் ஒத்தை.)

அப்போது ஒரு திறந்தமூல போன் வாங்கினேன். போனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, நாமே கழற்றி வேறு மாட்டலாம். பெருமையாக டீ மாஸ்டரிடம் காட்டினேன். "டார்ச் இருக்குதா?" என்றார். இல்லை. அத்தோடு ஆம்பூரில் அதைப் பற்றிய பேச்சு முடிந்தது.

அந்த ஃபர்ம்வேரைப் போடுவதற்குக் கறுப்புத் திரையில் நாற்பது வரி தட்ட வேண்டும். அதை ஒரே பட்டனாக்கினேன். பட்டன் மேல் தமிழில் 'போடு'. 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டேன். மனிதர்களை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? பாதி வேலை மிச்சமாகட்டும் என்று பேக்கிங் புரோகிராமின் வரிகளையே வெட்டி ஒட்டினேன். என் போனில் அருமையாக வேலை செய்தது. இணையத்தில் போட்டேன்.

ஒரே ஒரு பதில் வந்தது. அரக்கோணத்துப் பள்ளி ஆசிரியர் எபனேசர். அவரிடமும் அதே போன், பழைய மாடல். ஞாயிறு ஆராதனை முடித்து ரயிலில் வருவதாக எழுதியிருந்தார். அறையைப் பெருக்கினேன். இருந்தது ஒரே நாற்காலி என்பதால் வீட்டுக்காரரிடம் இன்னொன்று இரவல் வாங்கினேன்.

வந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். இரண்டு வருஷத்துப் பேச்சு அது. பிறகு அவர் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி 'போடு' அழுத்தினேன். திரையில் 'முடிந்தது' என்று வந்தது. போன் எழவில்லை.

எபனேசர் திரையையும் என்னையும் பார்த்தார். "இன்னா சார், முடிஞ்சுதா, முடிஞ்சே போச்சா?"

சூடு ஆறணும் என்றேன். (ஐஸ் மாதிரி இருந்தது.) பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் போனை அக்குளில் வைத்துச் சூடேற்றினேன். அந்தக் கோலத்தில்தான் புரிந்தது. என் போனுக்குத் தேவைப்பட்டவை இரண்டு கோப்புகள், ஜோடி. அவருடைய பழைய மாடலுக்கு மூன்று. என் கருவி மூன்றையும் அழித்துவிட்டு, ஜோடியை மட்டும் போட்டு, மூன்றாவதை ஒத்தை என்று ஓரமாகத் தள்ளியிருக்கிறது. அந்த ஒத்தைதான் போனை எழுப்புகிற கோப்பு.

போன் போனால் போகட்டும். இந்த ஆளும் போய்விட்டால்?

வெளியே வந்து ஒப்புக்கொண்டேன். எழுப்புவதற்கு ஒரு சின்ன சர்க்யூட் பலகை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றேன். போனை விட்டுவிட்டுப் போனார். ஆனால் பலகை வந்ததா என்று கேட்க அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். இரவல் நாற்காலியை நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

பலகை ஒரு புதன்கிழமை வந்தது. அன்றே போன் எழுந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு சமாளித்தேன். மூன்றாவது ஞாயிறு அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தலையணைக்கடியில் அலாரம் அடித்தது. முந்தின நாள் சோதித்துப் பார்க்க நானே வைத்தது. (அணைக்க மறந்த மேதை.)

"எப்ப முழிச்சுது?" என்றார்.

"போன புதன் இல்ல... அதுக்கு முந்தின புதனும் இல்ல, அதுக்கும் முந்தி."

சோற்றைப் பிசைந்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சரியாய்ட்டா வர மாட்டேன்னு நெனச்சீங்களா? போனுக்காக எவன் சார் வாராவாரம் ரயில் ஏறுவான்?"

அந்தப் போனும் கருவியும் எப்போதோ மறைந்துவிட்டன. நான் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. எபனேசரின் மகள் ஷீபாவுக்கு நான் 'ஒத்தை மாமா'. வாஷிங் மெஷினில் துணையில்லாத சாக்ஸ் கிடைத்தால் போன் பண்ணி, "மாமா, உங்க சொந்தக்காரரு வந்திருக்காரு" என்பாள். கிறிஸ்துமஸுக்குப் போகும்போது அந்த வருஷத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் பொட்டலம் கட்டித் தருகிறாள். போட்டுக்கொண்டுதான் ரயிலேற வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

போன தடவை ஒரு காலில் நீலம், ஒரு காலில் பச்சை.