பன்னிரண்டாம் பாகத்தில் அக்கா ஏன் பேசவில்லை

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதியாயிற்று. உங்கள் நலத்தைப் போனில் விசாரித்திருப்பேன். அந்தப் போன் ஐந்து வாரமாக அணைந்து கிடக்கிறது. கடைசியில் உங்கள் நண்பரின் எடிட்டிங் கடை விலாசத்தைத் தேடிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

வயதில் நான் மூத்தவன். இருந்தும் தங்கையைக் கட்டியவர் என்ற மரியாதைக்காக இத்தனை வருஷத்தில் உங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இன்றைக்குப் பேசப் போகிறேன். உங்கள் படத்தின் பன்னிரண்டாம் பாகத்தைத் திரையிட்ட அன்று, கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினீர்களே, அது என்ன நியாயம்? படம் முடிந்ததும் வாசலில் நின்று சீட்டும் பென்சிலும் கொடுப்பது என் வேலை. பெட்டியில் விழுந்த சீட்டுகளை உங்கள் சமையலறை மேசையில் கொட்டி உரக்கப் படிப்பது என் தங்கையின் வேலை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேட்பது உங்கள் வேலை. பதினொரு பாகத்துக்கும் அப்படித்தான் நடந்தது. இந்த முறை படிக்கிறவளும் இல்லை, கேட்கிறவரும் இல்லை. பெட்டியை என் வீட்டுக்குத் தூக்கி வந்து நானே படித்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டது என் வீட்டுக்காரி.

உங்களுக்குத் தெரியாத கதையா? இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வருகிறது. ரிப்பேர்காரர் வேஷத்தில் நீங்கள் ‘ஐந்தே நிமிஷம்’ என்று சொல்லிக் கருவிப் பெட்டியைத் திறப்பீர்கள். சரிசெய்ய வந்த சாமான் தப்பிக்கும், பக்கத்தில் இருக்கும் சாமான் உடையும். உள் அறையிலிருந்து ஒரு பெண்குரல், “என்ன உடைஞ்சுது?” என்று கேட்கும். நீங்கள் அந்த அறை வாசலைப் பார்த்து, “ஒண்ணும் இல்லம்மா!” என்பீர்கள். இவ்வளவுதான் படம். முதல் பாகத்தில் நடிக்க ஆள் கிடைக்காமல் நீங்கள் கெஞ்ச, என் தங்கை முகம் காட்ட மாட்டேன், வேண்டுமானால் உள்ளே உட்கார்ந்து குரல் கொடுக்கிறேன் என்று சொல்லப்போக, பத்தொன்பது வருஷம் அந்த ஒரு குரலுக்காக ஒரு கூட்டம் வந்துகொண்டே இருந்தது. எட்டாம் பாகம் உசத்தியா, ஐந்தாம் பாகம் உசத்தியா என்று அந்தக் கூட்டத்தில் பஸ் கண்டக்டரம்மாவும் பல் டாக்டரும் சண்டை போட்டு ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தார்களே, அந்தச் சண்டையிலும் அவள் குரலில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இந்தப் படத்தில் வாஷிங் மெஷின் மாடிப்படியில் உருண்டு தரையில் விழுந்து பிளந்ததும், நீங்கள் வழக்கம்போல உள் அறை வாசலைப் பார்த்துத் திரும்பினீர்கள். குரல் வரவில்லை. திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறீர்கள். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, “என்ன உடைஞ்சுது?” என்று கத்தினார்கள். நீங்கள் பதில் சொல்லவில்லை. மறுபடி கத்தினார்கள். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை கத்தியது ஒரே ஒரு ஆள், அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் கதவோரம் பென்சில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்த சீட்டுகள் அறுபத்து மூன்று. ‘மெஷின் விழுந்த இடம் அபாரம், அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை, எழுந்து போகவும் மனசு வரவில்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘பதினொரு பாகம் பார்த்த உரிமையில் கேட்கிறேன், அக்கா எங்கே?’ என்று இன்னொருவர். என் தங்கையை அவர்கள் எல்லோரும் அக்கா என்றுதானே கூப்பிடுவார்கள். ‘அக்கா இல்லாத படத்துக்கு என் பிள்ளைகளை லீவு போட வைத்துக் கூட்டி வந்தேன், பள்ளிக்கூடத்துக்கு என்ன காரணம் எழுதுவது?’ என்று ஒரு தகப்பனார். நம் எலக்ட்ரீஷியன் தம்பி சீட்டில், ‘உள் அறை சத்தம் வரவேண்டிய இடது பக்க ஸ்பீக்கரில் கோளாறு, கவனிக்கவும்’ என்று எழுதியதோடு நிற்கவில்லை. ஏணி போட்டு ஏறி, ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளே ஊதி, “சார், இதுல ஒரு குறையும் இல்லையே!” என்று மேலே இருந்தபடியே என்னைக் கேட்டார்.

இங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. அவள் செத்துப்போய் அப்போது நான்கு மாதம். சுடுகாட்டுக்கு நாம் நான்கே பேர் போனோம். “யார்கிட்டயும் சொல்ல வேணாம் மச்சான், சொன்னா நிஜமாயிடும்” என்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். அவள் நோயில் படுத்ததால் பாதியில் நின்ற படத்தை, அவள் போன பிறகு வெறி பிடித்தவர்போல எடுத்து முடித்தீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களுக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படம் போட்ட அன்றைக்குப் பத்து இருபது பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, “அக்கா எங்க சார்? அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டபோதுதான் அது எனக்காகவும் என்று தெரிந்தது. சொல்லலாம் என்று நானே வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது என்ன தெரியுமா? “அவ டைரக்டர்கிட்ட கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா!”

பாதி உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி பக்கம் என்று கடைசி ஆறு வாரமும் அவள் என் வீட்டு உள் அறையில்தான் கிடந்தாள். ஆனால் அந்தப் பாதி உண்மை உங்கள் தலையில் இடியாக இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து என் விலாசத்துக்குக் கடிதம் கடிதமாக வருகிறது, எல்லாம் உங்களைத் திட்டி. ‘பத்தொன்பது வருஷம் குரல் கொடுத்தவரை ஒரு தடவையாவது முகத்தோடு காட்டினீரா?’ என்கிறார் ஒருவர். ‘அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும்வரை உம் படத்துக்குச் சிரிப்பதில்லை என்று எங்கள் பணிமனை ஊழியர்கள் ஒருமனதாக முடிவெடுத்துள்ளோம்’ என்று கண்டக்டரம்மா. பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனேன். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, “தப்பு யார் பக்கம் சார்? டைரக்டர் பக்கம்தானே?” என்றார். பஞ்சோடு என்ன பேசுவது? வலியில் தலை ஆடிவிட்டது. “நினைச்சேன்! நீங்க ஒரு நாள் ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுப் பேசுங்க” என்று சொல்லிக்கொண்டே பல்லைப் பிடுங்கிவிட்டார். அது நல்ல பல் என்பது பிற்பாடு தெரிந்தது.

மாப்பிள்ளை, ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடிதங்கள் வர வர எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் வில்லனாகிறீர்களே என்ற வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கடிதங்களில் அவள் கோபத்தோடு என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கோபத்தோடு இருக்கிறவள் எப்படியும் உயிரோடுதானே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கடிதம் படித்தால் எனக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் பதினோரு பேர். முன்னால் கண்டக்டரம்மா, பின்னால் பல் டாக்டர், ஏணி இல்லாத எலக்ட்ரீஷியன் தம்பி. இவர்கள் சமாதானம் பேச வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கண்டக்டரம்மா, “சார், நாங்க எதுக்கு வந்தோம்னா...” என்று ஆரம்பிக்கும் முன்பே நான் முந்திக்கொண்டு, “உள்ளதான் இருக்கா, தூங்குறா, நான் பேசிப் பாக்குறேன்” என்று எல்லோரையும் முன் அறையில் உட்கார வைத்தேன். நாற்காலி ஐந்துதான், மற்றவர்கள் தரையில். என் வீட்டுக்காரி சமையலறை வாசலில் என்னை மடக்கி, “ஏங்க, போதும்ங்க. சொல்லிடுங்க” என்றாள். நான் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கட்டில் அப்படியே இருக்கிறது. நான் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, வெளியே கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே, “உன்னைப் பாக்க எல்லாரும் வந்திருக்காங்கம்மா” என்றேன். வெளியில் இருந்தவர்களுக்காகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன், மாப்பிள்ளை. ஆறு வாரம் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் வாய் திறப்பாளா என்று பார்த்த பழக்கம். முப்பத்து நாலு வருஷம் கண்ணாடிக் கடையில் ஆளாளுக்குக் கண்ணாடியை மாற்றி மாட்டி, “இப்ப தெளிவா தெரியுதா?” என்று கேட்டவன் நான். காலியான தலையணையைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன்.

அப்போது கதவுக்கு வெளியே கண்டக்டரம்மாவின் குரல் கேட்டது. கூட்ட நெரிசலில் டிக்கெட் கேட்கிற அந்தக் குரல் இல்லை, மெதுவான குரல். “அக்கா, உங்க மூஞ்சிய நாங்க ஒருநாளும் பார்த்ததில்ல. எங்க வீட்டுக்காரர் தவறின வருஷம் எனக்குச் சிரிப்பே மறந்துபோச்சு. உங்க நாலாம் பாகத்துலதான் திரும்ப வந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தோம். நீங்க நிம்மதியா இருங்க. உங்க அண்ணனை நாங்க பார்த்துக்கறோம்.” எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தலையணையில் வாயை வைத்து அழுத்திப் பார்த்தேன், கேவல் வெளியே போய்விட்டது. “அழறாங்க” என்று எலக்ட்ரீஷியன் தம்பி சொல்வது கேட்டது. யாரோ “உஷ்” என்றார்கள். நான் முகம் கழுவி வெளியே வந்தபோது ஒருவரும் இல்லை. டீ குடித்த தம்ளர்கள் பதினொன்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அவள் அழுதாள், மனசு இளகிவிட்டது, அடுத்த பாகத்துக்கு வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டு போயிருக்கிறார்கள், மாப்பிள்ளை! பதினோரு பேர் அறுபத்து மூன்று பேருக்குச் சொல்வார்கள். நான் செய்த பாவத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம். ஆகவே தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும். அதே அரங்கத்தில் எல்லோரையும் கூட்டி, நீங்கள் எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். என்னைத் திட்ட வேண்டுமானால் அங்கேயே மைக்கில் திட்டிக்கொள்ளலாம். பதின்மூன்றாம் பாகம் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். இதை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு எழுதத்தான் வருகிறது, வாயால் சொல்ல வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடவும். நண்பருக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மைத்துனன்.

பி.கு.: மேலே உள்ளதில் பாதிக்கு மேல் தப்பு. உறையை ஒட்டிக்கொண்டு தபால்பெட்டிக்குப் புறப்பட்டவனைக் கண்டக்டரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு, “டைரக்டரை வரச் சொல்லி எழுதினீங்களா சார்? நல்லது” என்றார். பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு, “சார், எங்களுக்குத் தெரியும்” என்றார். பல் டாக்டரின் மனைவிக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலையாம். படம் போட்ட பத்தாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். “ஞாயித்துக்கிழமை நாங்க துக்கம் கேக்கத்தான் வந்தோம். நீங்க வாயைத் திறக்க விடல. சரி, உங்களால சொல்ல முடியல போலன்னு கதவுகிட்ட நின்னு சொல்லிட்டுப் போனோம்” என்றார். அப்படியானால் அதற்குப் பிறகும் டைரக்டரைத் திட்டி வந்த கடிதங்கள் எல்லாம் என்ன என்று கேட்டேன். “அதைப் படிச்சாதான் நீங்க கொஞ்சம் சாப்பிடறீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அதான் ஆளுக்கு ஒண்ணா முறை வெச்சு எழுதினோம்” என்றார்.

நான் தெருவில் நின்றபடி அவரிடம் சொன்னேன், மாப்பிள்ளை. “என் தங்கச்சி செத்துட்டாம்மா” என்று முழுசாகச் சொன்னேன். ஒரு மாதமாகத் தெரிந்த சேதியை அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல அந்த அம்மா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். உறையைப் பிரித்து இதைச் சேர்த்திருக்கிறேன். அரங்கம் வேண்டாம், மைக் வேண்டாம். நீங்கள் வந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நான் சொல்லிவிட்டேன். நீங்கள் சும்மா வாருங்கள்.