காத்தாடிக்காரர் மெதுவாகப் பேசிய நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் பெயரை நான் கேட்டதில்லை. காத்தாடிக்காரர் என்றால் கொட்டகலை கடைவீதி வரை தெரியும்.

தேயிலைத் தொழிற்சாலை மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டும் ராட்சதக் காத்தாடிகளுக்கு அவர் பொறுப்பு. அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகியவர் வெளியே வந்தாலும் குரலை இறக்கமாட்டார். என் கணவர் அங்கே டீமேக்கர், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி. எங்கள் வீடு தொழிற்சாலைச் சுவரை ஒட்டியது. கணவருக்கு மதியச் சாப்பாடு வாங்க வந்து காத்தாடிக்காரர் வாசலில் பேசுவது பக்கத்து லயத்து வீடுகள் முழுவதும் கேட்கும்.

"அம்மா, ஐயாவுக்கு வயித்தால போகுதாம். கஞ்சி போதும்னு சொன்னாங்க."

"அண்ணே, மெதுவா. பிள்ளை தூங்குது."

"மெதுவாத்தானம்மா பேசுறேன். நீங்க பேசுறதுதான் எனக்குக் கேக்கல."

மறுநாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாரும் என் கணவரின் வயிற்றை விசாரித்தார்கள்.

இந்த எரிச்சலுக்கு நடுவில்தான் கவனித்தேன். அவர் அப்படிக் கத்தியும் என் மகள் அசையவில்லை. பின்னால் நின்று கை தட்டினேன். தட்டைத் தட்டினேன். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையை இந்த இரைச்சலுக்குள் கொண்டுவந்து காதைக் கெடுத்துவிட்டேனோ? தாய் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டுமோ? கொழுந்து கூடிய காலம். ஞாயிற்றுக்கிழமையும் காத்தாடி ஓடியது; வீட்டில் இரைச்சல் அடங்கிய நேரமே இல்லை.

கணவரிடம் சொன்னதை வாசலில் நின்ற காத்தாடிக்காரர் எப்படியோ அறிந்துகொண்டார். "பாப்பாவுக்குக் காது கேக்கலையாம்" என்று போகிற வழியெல்லாம் அனுதாபப்பட்டார். மாலைக்குள் ஏழு வீட்டிலிருந்து வைத்தியம் வந்தது.

"இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க" என்றேன். அதை மட்டும் சரியாகக் கேட்டுக்கொண்டார்.

சித்திரை வருடப் பிறப்பன்று காத்தாடிகள் நின்றன. வீடு முழுக்க ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. மகள் என் மடியில், முதுகை வாசலுக்குக் காட்டிக் கிடந்தாள். தட்டில் கொக்கிஸ் பலகாரத்தோடு காத்தாடிக்காரர் வந்து படியிலேயே நின்றார். அந்த அமைதியில் தன் குரலுக்கே பயந்தவர்போல, காற்றாகச் சொன்னார்:

"பாப்பா..."

மகள் தலையைத் திருப்பினாள்.

காத்தாடிக்காரர் முற்றத்துக்கு ஓடி, மலைக்கு அந்தப்புறம் கேட்கும்படி, "பாப்பாவுக்குக் காது கேக்குது" என்று கத்தினார். மகள் பயந்து வீரிட்டு அழுதாள்.

அன்று மட்டும் நான் அவரை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.